கொல்லிமலை ஏறாத கார்

செப்டம்பர் 13, வெள்ளி

பதவி உயர்வு ஆணை வந்துவிட்டது. பதினோராம் வகுப்பு அறிவியல் ஆய்வக ரெக்கார்டு நோட்டு ஒன்று பாதி எழுதாமல் கிடந்தது. அதில்தான் இதை எழுதுகிறேன். இத்தனை வருஷம் பிள்ளைகளைத் தேதி போட்டு எழுதச் சொன்னேன். ஒரு மாதமாவது நானும் எழுதிப் பார்க்கிறேன்.

அலுவலகத்தில் தாளைக் கையில் கொடுத்தபோது முதல் வரியை மட்டும் படித்தேன். செ. சாரதாமணி, பட்டதாரி ஆசிரியை, தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு. ஆசிரியைகள் அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகுதான் இரண்டாவது வரி. அரசு உயர்நிலைப் பள்ளி, நெல்லிவளவு, கொல்லிமலை.

கைதட்டல் நின்றுவிட்டது.

நாமக்கல்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அடிவாரமான காரவள்ளிக்குப் போக முக்கால் மணி நேரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலே போய் இன்னும் எட்டுக் கிலோமீட்டர் உள்ளே போனால் பள்ளி. பஸ்ஸில் போய், இறங்கி, அடுத்த வண்டிக்கு நின்று போனால் பிள்ளைகள் மதியச் சோறு சாப்பிடும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஆகவே கார்தான். அக்டோபர் 14-க்குள் பொறுப்பேற்க வேண்டும். காலாண்டு விடுமுறை நடுவில் வருவதால் இவ்வளவு அவகாசம்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். என் கணவர் செங்கோடன் இருபத்தொன்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். அதில் பதினொரு வருஷம் கொல்லிமலை ரூட். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஊருக்குள் மட்டும் ஓட்டலாம், மலைப்பக்கம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆணையை மூக்குக்கு நேரே பிடித்து இரண்டு தரம் படித்தார். "நல்ல ஊருதான்" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, சனி

காரைப் பற்றி எழுதிவிட வேண்டும். மகள் கவிப்பிரியா பெங்களூரில் புதுக் கார் வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தாள். வெள்ளைக் கார், சின்னது. ஐம்பத்தொரு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றேன். அவரைக் கேட்டதற்கு, பொண்டாட்டிக்கு வண்டி கற்றுக்கொடுத்தால் இரண்டு பேரில் ஒருவர் வீட்டை விட்டுப் போக வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். கற்ற பிறகும் நான் ஓட்டும் காரில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. கல்யாண வீடுகளுக்கு நான் காரில் போவேன். பின்னால் அவர் மொபெட்டில் வருவார். சொந்தக்காரர்கள் சிரிப்பதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது.

போன மாதம் கடைவீதியில் எஞ்சின் சூடேறிக் கொதித்தது. எஞ்சின் மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று மெக்கானிக் வையாபுரி எஞ்சினைப் பிரித்தார். பத்து நாள் வேலை. கேஸ்கட் மாற்றி, ஹெட்டை லேத்தில் தேய்த்து, கருகிப்போயிருந்த ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரையும் மாற்றிக் கொடுத்தார். புதுசு மாதிரி ஆக்கிவிட்டதாகச் சொன்னார்.

அதை நம்பி இன்று ஒத்திகைக்குப் போனேன். ஒன்பதாவது வளைவில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டைத் திறந்தால் புட்டுக்குழாய் மாதிரி ஆவி. முன்னால் நின்றால் அடுப்பு வாயில் நிற்பது போல் சூட்டுக்காற்று புடவையில் அடித்தது. ஒரு மணி நேரம் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன். மேலே போன பஸ் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "செங்கோடண்ணன் வரலீங்களா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றி இறங்கி வந்தேன். இறக்கத்தில் முள் ஒழுங்காக இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

துணி, இட்லி மாவு, விடைத்தாள். வண்டி வாசலிலேயே நிற்கிறது.

செப்டம்பர் 16, திங்கள்

வையாபுரி சொல்வது: பிரித்துப் பூட்டிய வண்டியில் தண்ணீர் ஓடும் குழாய்களுக்குள் காற்று அடைத்துக்கொள்ளும், அந்த இடத்தில் தண்ணீர் போகாது, சூடேறும். காரின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். குமிழி குமிழியாக வந்தது. பள்ளிக்கூடத்தில் நானே சோதனை செய்து காட்டுவது போல் இருந்ததால் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி பழனி மலைப் படியிலும் ஏறும் என்றார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மீலாது விடுமுறை. மறுபடி காரவள்ளி. ஐந்தாவது வளைவில் முள் பாதியைத் தாண்டிவிட்டது. சிவப்புக்கு இன்னும் தூரம் இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் வண்டியை எதற்குக் கெடுத்துக்கொள்வது? திருப்பிவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. பனை உயரத்துக்குக் கீழே சற்று முன் நான் ஏறி வந்த ரோடு தெரிந்தது.

எவ்வளவு தூரம் போனது என்று அவர் கேட்டார். ஒன்பது வளைவு என்றேன். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று சமையலறையில் ஓர் ஆய்வு.

வையாபுரிக்கு அடுத்த சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். எஞ்சின் சூடானதும் தானாகத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் சின்ன வால்வு அது. அதைக் கழற்றித் தூர எறிந்துவிட்டால் தண்ணீர் எப்போதும் ஓடும், தொல்லை விட்டது என்றார். வியாதி என்னவென்று தெரியாமல் உறுப்பை வெட்டக் கூடாது என்று சொல்லி வால்வை வீட்டுக்கு வாங்கி வந்தேன்.

பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினேன். அவரை டார்ச் பிடிக்கச் சொன்னேன். எழுபதில் மூடியிருந்தது. எழுபத்தைந்தில் மூடியிருந்தது. எண்பத்திரண்டில் மெல்ல வாயைத் திறந்தது. ஆறவிட்டால் மூடிக்கொண்டது. மூன்று தரம் செய்தோம். மூன்றாவது தரம் தெர்மாமீட்டரை அவர் பிடித்தார், டார்ச்சை நான். பக்கத்து அடுப்பில் ரசம் பொங்கி அணைந்துபோனதை இருவரும் கவனிக்கவில்லை.

முடிவு: வால்வில் குறையில்லை. ரசத்தில் குறை உண்டு.

செப்டம்பர் 21, சனி

நெல்லிவளவிலிருந்து போன். சின்னப்பொண்ணு டீச்சர், அங்கே இப்போது பொறுப்பில் இருப்பவர், மலையிலேயே பிறந்தவர். இரண்டு வருஷமாகத் தலைமை ஆசிரியர் இல்லையாம். ஆணை வாங்கியவர்கள் மூன்று பேர் ஏறிப் பார்க்காமலேயே மாற்றல் வாங்கிக்கொண்டார்களாம். "நீங்க வந்துருவீங்கல்ல டீச்சர்?" என்று கேட்டார். வண்டி சரியானதும் வருவேன் என்றேன். பின்னால் பிள்ளைகள் சத்தம். யாரோ அலுமினியத் தட்டைத் தட்டுவது கேட்டது. வரவேற்புக்கு ஒத்திகை என்றார்.

அதன் பிறகு தோசைக்கு உப்புப் போட மறந்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பழைய கண்டக்டர் ஒருவர் வீட்டில் காது குத்து என்று அவர் விடியும்போதே கிளம்பிப் போனார். சாயங்காலம்தான் வந்தார். வேட்டி ஓரமெல்லாம் செம்மண். விசேஷ வீட்டில் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது, வந்ததும் ஐந்து தோசை சாப்பிட்டார். முழங்காலுக்குத் தைலம் வேறு கேட்டார். பந்தியில் தரையில் உட்கார்ந்திருப்பார்.

செப்டம்பர் 25, புதன்

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தாயிற்று. துரு கலந்த சேற்றுத் தண்ணீர் அரை வாளி வந்தது. இதுதான் காரணம் என்று வையாபுரி சத்தியம் செய்யாத குறை. எட்டாம் வகுப்பு விடைத்தாளில் ஒரு பெண், வெப்பம் கடத்தப்படும் மூன்று முறைகள்: கடத்தல், சலனம், மற்றும் கோபம் என்று எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன்.

செப்டம்பர் 28, சனி

சுத்தம் செய்த பிறகும் அதே கதை. இனிமேல் யூகம் வேண்டாம், அளந்து பார்ப்போம் என்று இன்று முழுவதும் ஓட்டினேன். முள் இருந்த இடங்கள்:

கரூர் ரோட்டில் எழுபது வேகம்: பாதி. ஒழுங்கு.
அதே ரோட்டில் நாற்பது வேகம், ஏசி போட்டு: முக்கால்.
கடைவீதியில் நகர்ந்து நகர்ந்து: சிவப்புக்கு ஒரு விரல் கீழே.
சும்மா நிறுத்தி ஓடவிட்டால்: மெல்ல மெல்ல ஏறுகிறது.

வேகமாகப் போனால் நல்ல பிள்ளை. மெதுவாகப் போனால் கோபம். மெதுவாகப் போகும்போது எஞ்சினைக் குளிரவைப்பது ஃபேன்தானே, அதைப் பாருங்கள் என்று வையாபுரியிடம் சொன்னேன். "ஃபேன் ஓடுதுங்க டீச்சரே, காதுலயே கேக்குது பாருங்க" என்றார். கேட்டேன். ஓடுகிறது. நானும் எட்டிப் பார்த்தேன். நன்றாகவே சுற்றுகிறது.

அக்டோபர் 1, செவ்வாய்

காரில் கண்ணாடி துடைக்கும் துணி தேடும்போது முன்பெட்டியில் ஒரு தாள். அவர் கையெழுத்து.

"12 — தண்ணிக் குழாய். 24 — நிழல், ஒதுங்கலாம். 37 — எதிர்ல பஸ் வந்தா முன்னாடியே நின்னுக்கணும். 46 — இந்த மழைல இடிஞ்சு புதுசாக் கட்டின சுவரு, ஓரம் போகாதே. 58 — தண்ணி, டீக்கடை, நல்ல மனுசன்."

பஸ் ஓட்டிய காலத்து வளைவுக் கணக்காக இருக்கும். பழைய தாள்களை எங்கே வைப்பது என்று அவருக்கு எப்போதும் தெரியாது. இருக்கட்டும் என்று மடித்து வைத்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

ரேடியேட்டர் மூடி மாற்றியாயிற்று. காரவள்ளி வரை போனேன். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. மழை வந்தால் பிரேக் பிடிக்காது. திரும்பிவிட்டேன். மழை வரவில்லை.

அக்டோபர் 5, சனி

பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் இதே பள்ளியில் ஓய்வு வரை இருக்கலாம் என்று அலுவலக எழுத்தர் சொன்னார். எப்படி எழுதுவது என்று மட்டும் பார்க்கலாம் என ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் வாகனப் பழுது என்று போட்டேன். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது. ரெக்கார்டு நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளி திறந்தது. எனக்கு வழியனுப்பு விழா ஆயுத பூஜைக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று கேட்டார்கள். வண்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 9, புதன்

வையாபுரி கையை விரித்துவிட்டார். கேஸ்கட் உள்ளே எங்கோ கசிகிறது, மறுபடி எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் வேலையில் தானே குறை சொல்வது அந்த மனிதருக்கு எளிதல்ல.

பத்து நாள் என்றால் பதினான்காம் தேதி போய்விடும். என்ன செய்வது, நம் கையில் என்ன இருக்கிறது? மிகவும் வருத்தமாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் நன்றாகத் தூக்கம் வருகிறது.

அக்டோபர் 10, வியாழன்

அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், ஆயுத பூஜை முடியட்டும், அதுவரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதே என்று சொல்லி வண்டியை வாங்கி வந்துவிட்டார். என்னைக் கேட்கவேயில்லை. பூஜைக்கு வண்டி வீட்டில் இருக்க வேண்டுமாம். கோபமாக வந்தது. பொரிக்கும் கடலைக்கும் நானே கடைக்குப் போனேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அவர் காரைக் கழுவி, டயருக்குக் காற்று பிடித்து வருகிறேன் என்று பங்க்குக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நிறுத்துவதற்காக எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார். கடைவீதிக் கூட்டத்தில் வந்த வண்டி, சூடேறி ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. நான் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, முன்பக்கக் கம்பிவலைக்கு நேராக ஊதுபத்தியைச் சுற்றினேன்.

புகை என் முகத்துக்கு வந்தது.

கண் எரிந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று நினைத்தேன். ஆனால் வாசலில் கட்டியிருந்த மாவிலை அசையவேயில்லை. ஊதுபத்தியை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனேன். புகை முகத்துக்கு. வலது ஓரம். முகத்துக்கு. கீழே குனிந்தேன். வண்டி என் மேல் ஊதிக்கொண்டேயிருந்தது.

எஞ்சினை அணைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். "அணைங்க, சொல்றேன்." அணைத்தார். புகை நேராக மேலே போனது. போடச் சொன்னேன். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் புகை மடங்கி மறுபடி என் மூக்குக்குள்.

வீட்டுக்குள் ஓடிப்போய் செய்தித்தாளில் ஒரு பக்கம் கிழித்துக்கொண்டு வந்தேன். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். தாளைக் கம்பிவலைக்கு முன்னால் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பிடித்துக் கையை விட்டேன். தாள் பறந்து போய், இறங்கி வந்து என் பக்கத்தில் நின்ற அவர் கழுத்தில் விழுந்தது.

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "திருப்பிச் சுத்துது" என்றார்.

"ஆமாங்க. உள்ள இழுக்கறதுக்குப் பதிலா வெளிய தள்ளுது. எஞ்சின் சூட்டையே எடுத்து ரேடியேட்டர் மேல ஊதுது. மெதுவாப் போறப்ப எதிர்க்காத்தையும் உள்ள வரவிடாமத் தடுக்குது."

அப்படியே பட்டுப்புடவையோடு நான் ஓட்ட, மொபெட்டில் அவர் பின்னால் வர, வையாபுரி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கேயும் பூஜை. ஸ்பேனர்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார். அவர் கையிலேயே ஊதுபத்தியைக் கொடுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். புகை அவர் மீசைக்குள் போனது. பானெட்டுக்குள் தலையை விட்டு வயரைத் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

புதிதாகப் போட்ட மோட்டாரின் பிளக் வேறு மாதிரி இருந்ததால் வயரை வெட்டி ஒட்டியிருக்கிறார். சிவப்பு வயர் கறுப்போடு, கறுப்பு வயர் சிவப்போடு. "ஒரு மாசமா ஓடுதா ஓடுதான்னு பாத்தனுங்க. எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கலீங்க" என்றார். நானும்தான் பார்த்தேன், எனக்கும் தோன்றவில்லையே என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. என் கணவரும் சிரித்தார். மூன்று பேரும் பொட்டு வைத்த ஸ்பேனர்களுக்கு நடுவில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

வயரை மாற்றிப் போடப் பத்து நிமிஷம். செய்தித்தாளைப் பிடித்தேன். பட்டென்று கம்பிவலையில் ஒட்டிக்கொண்டது. ஏசியைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டோம். முள் பாதியில் போய் நின்றது, நின்றது, நின்றேவிட்டது.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

வெயில் நன்றாக இருக்கிறது. மேகம் இல்லை. வண்டியில் குறை இல்லை. ஒத்திகைக்குப் போக வேண்டும்.

காலையில் பீரோவைத் துடைத்தேன். பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். மதியம் பழைய புடவைகளைப் பிரித்து அடுக்கினேன். மூன்று மணிக்கு, மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளலாம் என்று முறத்தோடு உட்கார்ந்தபோது அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். கையில் இந்த நோட்டுக்குள் நான் வைத்திருந்த கடிதம். எழுத்தர் சொன்ன மாதிரி நான் எழுதிப் பார்த்தது.

"இதுல காரணம் மாத்தி எழுதணும்" என்றார். "வண்டிதான் சரியாயிருச்சே."

மிளகாய்க் காரம் கண்ணுக்கு ஏறிவிட்டது என்று சொன்னேன். இன்னும் ஒரு மிளகாயைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

அவர் சொல்லிக்கொண்டே போனார். அன்றைக்குக் காது குத்துக்குப் போகவில்லை. பஸ்ஸில் மேலே போய், நெல்லிவளவு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, வரும்போது பாதி மலையை நடந்தே இறங்கி எந்தெந்த வளைவு எப்படியிருக்கிறது என்று எழுதி வந்தார். தெரியும் என்றேன். அந்த நிமிஷம்தான் தெரிந்தது. நாற்பத்தாறாம் வளைவில் இந்த மழைக்கு இடிந்து கட்டிய சுவர் அவருடைய பஸ் காலத்தில் எப்படி இருந்திருக்கும்? முப்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்கு அது உறைக்கவில்லை.

"பயமா இருக்குங்க" என்றேன். எழுதும்போது சின்னதாகத் தெரிகிறது. சொல்வதற்கு ஒரு மாதம் ஆயிற்று. ஐந்தாவது வளைவில் திரும்பியதையும், மேகத்தைப் பார்த்துத் திரும்பியதையும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றதும் நிம்மதியாகத் தூங்கியதையும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. முறத்தைத் தன் பக்கம் இழுத்துக் காம்பு கிள்ளத் தொடங்கினார். கிள்ளிக்கொண்டே அவர் சொன்னது எனக்குப் புதிது.

"உன்ற வண்டில நான் ஏறாதது உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. இடது பக்கம் உக்காந்தா எனக்கு நெஞ்சு அடிக்குது. கால்ல பிரேக் இல்ல, கைல ஸ்டியரிங் இல்ல. அறுபது பேரை வெச்சு ஓட்டினவன் இதைப் போயி வெளிய சொல்ல முடியுமா?"

இரண்டு வருஷம் நான் காரிலும் அவர் மொபெட்டிலுமாகப் போனதை நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

"நீ வலது பக்கம் பயப்படு, நான் இடது பக்கம் பயப்படறேன். நாளைக்குப் போலாம்" என்றார்.

கடிதத்தில் மிளகாய்க் காம்பைக் கொட்டி மடித்து வெளியே போட்டோம்.

அக்டோபர் 13, ஞாயிறு

எழுபது!

ஆறரைக்குக் கிளம்பினோம். அவர் முன்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டு, மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வீட்டு வாசலிலேயே. காரவள்ளி வரும் வரை விடவில்லை.

முதல் பத்து வளைவுக்கு அவர் வலது கால் தரையை மிதித்துக்கொண்டேயிருந்தது. அவர் மிதிக்கும்போதெல்லாம் நானும் பிரேக்கைத் தொட்டேன். நீங்கள் மிதிக்காதீர்கள் என்று சொன்னேன். சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு இருவருக்கும் கொஞ்சம் நிம்மதி. வளைவுக்கு முன்னால் செகண்ட் கியர், ஹாரன், அகலமாக எடுத்து உள்ளே திருப்பு. அவர் சொன்னது அவ்வளவுதான். அதையும் இருபதாவது வளைவோடு நிறுத்திவிட்டு எண்ண மட்டும் செய்தார்.

முப்பத்தேழில் எதிரே பஸ். முன்னாலேயே நின்றுகொண்டேன். டிரைவர் பெரிதாக ஹாரன் அடித்துக் கையைத் தூக்கினார். அவர் பதிலுக்குத் தூக்கவில்லை. "உனக்குத்தான் தூக்கறாரு" என்றார். நான் தூக்கினேன்.

நாற்பத்தாறில் புதுச் சுவரை விட்டுத் தள்ளி நடுவாகப் போனேன். ஐம்பத்தெட்டில் நல்ல மனுஷன் கடையில் டீ. அங்கே பானெட்டைத் திறக்கவில்லை, திறக்க ஒன்றும் இல்லை. முள் பாதியில் இருந்தது. சொல்லப்போனால் நாற்பதாவது வளைவுக்குப் பிறகு முள்ளைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

எழுபதாவது வளைவு திரும்பியதும் சமமான ரோடு, பக்கத்தில் மிளகுக் கொடி ஏறிய மரங்கள், குளிர்ந்த காற்று. ஓரமாக நிறுத்தி இறங்கினேன். அவரும் இறங்கினார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். கடந்துபோன ஜீப்பில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, கை தட்டிவிட்டுப் போனார்கள். இறங்கும்போது அவர் மறுபடி பிடியைப் பிடித்துக்கொண்டார், மதியச் சோற்றுக்கு வீடு வந்துவிட்டோம்.

அக்டோபர் 14, திங்கள்

முற்பகல் 9.20-க்குப் பொறுப்பேற்றேன். பதிவேட்டில் அப்படித்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி பதிவேட்டில் இல்லாதது.

தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகள். வாசலில் இரண்டு வரிசை. சின்னப்பொண்ணு டீச்சர் நான் நினைத்ததைவிட உயரம், சிரித்தால் கண் மூடிக்கொள்கிறது. கார் நின்றதும் பிள்ளைகள் வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். டீச்சர் அதட்டிப் பார்த்தார், ஒருவரும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பெயர் குமுதா, டிரைவர் சீட்டிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, இடது பக்கம் இறங்கிய அவரிடம் போய், "நீங்கதான் புது ஹெட்மாஸ்டரா?" என்று கேட்டாள். இல்லை, நான் ஹெட்மாஸ்டரோடு வந்தவன் என்றார். அப்படியென்றால் டிரைவர்தான் ஹெட்மாஸ்டரா என்று கேட்டாள். ஆமாம் என்றார். இந்த இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மதியம் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அன்னாசியும் மலைவாழைப்பழமும் வந்துகொண்டேயிருந்தன. அறிவியல் ஆய்வகம் என்று பலகை மாட்டிய அறையில் ஆறு பெஞ்சும் ஒரு பூட்டும் மட்டும் இருக்கின்றன. பரவாயில்லை. அடுப்பும் பாத்திரமும் இருந்தால் போதும் என்று எனக்கு இப்போது தெரியும். நாளைக்கே தொடங்குகிறேன்.

நான்கரைக்குக் கிளம்பினோம். இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். செகண்டில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி மெல்ல இறக்கினேன். வெயில் சாய்ந்து பள்ளத்தாக்கு முழுக்கப் பொன்னாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்க எனக்கு நேரமில்லை, நீங்களாவது பாருங்கள் என்று சொன்னேன். பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கை மடியில் கிடக்க, தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் ஓடும் வண்டியில் அவர் கண் மூடி நான் பார்த்ததில்லை. ரயிலில் போனால்கூட ஜன்னலோரம் உட்கார்ந்து சிக்னலைப் பார்த்துக்கொண்டே வருவார். எழுப்பவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனைக் குட்டியாகத் தொட்டேன். ஐம்பதோ அறுபதோ வளைவு, எண்ணுவதற்கு ஆள் இல்லாததால் கணக்குத் தெரியவில்லை. அப்படியே இறங்கினேன்.

காரவள்ளியில் டீக்கடை முன்னால் நிறுத்தியதும்தான் விழித்தார். கடையைப் பார்த்தார். பின்னால் திரும்பி மலையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இறங்கிட்டமா?"

"இறங்கிட்டோம்."

சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல் இறங்கிப் போய் இரண்டு டீ சொன்னார். அவருடையதில் சர்க்கரை வேண்டாம் என்று நான்தான் கண்ணாடியை இறக்கிக் கத்த வேண்டியிருந்தது.